பூட் செக்டரும் ஒரு பாஸ்போட் சைஸ் படமும்

எங்கட கடையில ஒரேயொரு கொம்பியூட்டர்தான் இருந்தது. கிளிநொச்சியில, பெரிய ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்க தள்ளி ஒரு சின்னக் கடை. முன்னுக்கு போட்டோ கொப்பி மெசின், பக்கத்தில லமினேட் மெசின், மூலையில அந்தக் கொம்பியூட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின்ர ஒப்படை, பிரதேச செயலகத்துக்குக் குடுக்கிற கடிதம், சாமத்தியவீட்டுக் காட், செத்தவீடு எண்டால் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு. ஊரின்ர நல்லது கெட்டது எல்லாம் ஒருக்கா அந்த மெசினுக்குள்ளால போய்த்தான் வெளியில வரும். அப்பா இரண்டு விரலால தமிழ் ரைப் பண்ணுவார். ஆனா பிழை விடமாட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கொம்பியூட்டருக்கு வந்த வைரஸ் பற்றினது. நான் கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற ஆள். கணினி விஞ்ஞானம் படிக்கிற பெடியள் இதை வாசிச்சுச் சிரிக்கலாம். பரவாயில்லை. இதை நான் எழுதவேண்டியதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்லுறன்.

2021 நடுப்பகுதி. கொரோனாவால பள்ளிக்கூடம் இல்லை. நான் ஏ.எல். படிக்கிறன் எண்ட பேரில கடையிலதான் இருப்பன். பழைய படங்களைத் திருத்தித் தரச்சொல்லி ஆக்கள் கேட்டு வாறவை. அதுக்கு நல்ல மென்பொருள் ஒண்டு தேவைப்பட்டது. காசு குடுத்து வாங்கிற நிலை இல்லை. ஆரோ இணையத்தில போட்டிருந்த கிராக் ஒண்டை இறக்கினன். அதோட வந்த குறிப்பில மூண்டு வரி இருந்தது. முதலாவது, அன்ரிவைரஸை நிப்பாட்டுங்கோ. இரண்டாவது, நிர்வாகி அனுமதியோட திறவுங்கோ. மூண்டாவது, ஏதும் எச்சரிக்கை வந்தால் கணக்கெடுக்காதேங்கோ. நான் மூண்டையும் ஒழுங்காச் செய்தன்.

அதோட விடேல்ல. மெசின் மெதுவா இருக்கு எண்டு அன்ரிவைரஸின்ர அமைப்புக்குள்ள போனன். எதையெதை ஸ்கான் பண்ணவேணும் எண்டு ஒரு பட்டியல் இருந்தது. நினைவகம், பூட் செக்டர், மின்னஞ்சல், சுருக்கிய கோப்புகள். எல்லாத்துக்கும் முன்னால சரி அடையாளம். 'பூட் செக்டர்' எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாது. தெரியாத சாமான் தேவையில்லாத சாமான் எண்டு நினைச்சு அந்த அடையாளத்தை எடுத்துவிட்டன். மெசின் வேகமாகவும் இல்லை. பூட் செக்டரைப் பார்க்க ஒரு கண் இமைக்கிற நேரம்தான் போகும் எண்டது பிறகுதான் விளங்கினது.

இரண்டு மூண்டு கிழமையில சேட்டை தொடங்கிச்சுது. ஒண்டைத் தேடினால் வேற ஏதோ பக்கத்துக்குப் போகும். அன்ரிவைரஸ் தானாவே நிண்டுபோகும். அப்பா ரிப்பெயார் பண்ணுற அண்ணையைக் கூப்பிட்டார். அவர் சீ டிரைவுக்கு ஒரு கோஸ்ட் அடிச்சார். அதாவது, முதலே செய்து வச்ச விண்டோஸ் பிரதி ஒண்டை அந்தப் பகுதிக்கு மேல அப்பிடியே ஊத்திறது. அரை மணித்தியாலத்தில மெசின் புதுசு மாதிரி. ஆனா டெஸ்க்டொப்பில கிடந்த எல்லாம் போச்சுது. அதுக்குள்ள ஒரு வீட்டுக்காரரின்ர கல்வெட்டும் இருந்தது. அடுத்தநாள் 31. அப்பா விடிய விடிய இருந்து, கையெழுத்துப் பிரதியைப் பார்த்து முழுக்கத் திருப்பி ரைப் பண்ணினார். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். வேற ஒண்டும் சொல்லேல்ல.

பத்து நாளில வைரஸ் திரும்பி வந்துட்டுது. திரும்பவும் கோஸ்ட். திரும்பவும் வைரஸ். அந்த அண்ணை, "பிள்ளையள் கொண்டாற பென்ட்ரைவால வருது அண்ணை, ஒண்டும் செய்யேலாது" எண்டார். அப்பா 'பென்ட்ரைவ் போடமுன் கேட்கவும்' எண்டு மட்டையில எழுதி ஒட்டினார். அதைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கும்.

ஏன் திரும்பத் திரும்ப வந்தது? அதுக்கு மெசின் எப்பிடி எழும்புது எண்டு கொஞ்சம் பார்க்கவேணும்.

நாங்கள் பவர் பட்டனை அமத்தினதும் விண்டோஸ் வாறேல்ல. முதல்ல பயோஸ் எண்டு போர்ட்டில இருக்கிற ஒரு சின்ன நிரல் எழும்பும். அதுக்கு விண்டோஸும் தெரியாது, கோப்பும் தெரியாது. அது ஹார்ட் டிஸ்க்கின்ர முதலாவது செக்டரை எடுத்து நினைவகத்தில வச்சு, 'இனி உன்ர பாடு' எண்டு பொறுப்பைக் குடுத்திடும். அந்த முதல் செக்டரின்ர அளவு 512 பைட். அதில 446 பைட் நிரல், 64 பைட் டிஸ்க் எப்பிடிப் பிரிச்சிருக்கு எண்ட அட்டவணை, கடைசி 2 பைட் 'இது சரியான செக்டர்தான்' எண்ட முத்திரை. இதைத்தான் மாஸ்டர் பூட் ரெக்கோர்ட், சுருக்கமா எம்.பி.ஆர். எண்டுறது. சீ, டீ எண்டு நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கத்தில தனித்தனி பூட் செக்டரும் இருக்கு. ஆனா எம்.பி.ஆர். எந்தப் பகுதிக்குள்ளயும் இல்லை. எல்லாத்துக்கும் வெளியில, முன்னுக்கு நிக்குது.

இப்ப விளங்கும். சீ டிரைவுக்குக் கோஸ்ட் அடிச்சால் சீ டிரைவ்தான் புதுசாகும். வெளியில நிக்கிற அந்த 512 பைட்டை ஆரும் தொடேல்ல. வைரஸ் இருந்தது அங்கதான். ஒவ்வொரு நாள் காலமையும் விண்டோஸுக்கு முதல் அது எழும்பி, விண்டோஸ் வரேக்க வாசல்ல நிண்டு வரவேற்கும். அன்ரிவைரஸ் எழும்பிறது அதுக்கும் பிறகு. பந்திக்கு முந்திறதை இந்த வைரஸ் எழுதினவங்கள் நல்லா விளங்கி வச்சிருக்கிறாங்கள்.

இது புது விசயமும் இல்லை. ஐ.பி.எம். பீ.சீ.களில பரவின முதலாவது வைரஸே பூட் செக்டர் வைரஸ்தான். 1986இல லாகூரில கொம்பியூட்டர் கடை வச்சிருந்த அல்வி சகோதரர்கள் இரண்டு பேர் எழுதினது. பேர் பிரெயின். தங்கட மருத்துவ மென்பொருளைக் களவாப் பிரதி எடுக்கிறவைக்காகச் செய்தது எண்டு அவையே பிறகு சொல்லியிருக்கினம். வைரஸுக்குள்ள தங்கட பேர், கடை விலாசம், ரெலிபோன் நம்பர் எல்லாம் எழுதி வச்சிருந்தவை. களவா எடுத்த மென்பொருளால மாட்டுப்பட்ட எனக்கு இதை வாசிக்கேக்க முகம் சுருங்கிச்சுது. பிரெயினுக்கு இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. ஆராவது பூட் செக்டரை வாசிக்க வந்தால், தான் வேற இடத்தில ஒளிச்சு வச்ச பழைய நல்ல செக்டரை எடுத்துக் காட்டும். பொலிஸ் வந்து கேட்டால் தம்பியின்ர அடையாள அட்டையைக் காட்டுற மாதிரி.

பிறகு 1987இல நியூசிலாந்தில இருந்து ஸ்டோன்ட். 1991இல கண்டுபிடிச்ச மைக்கலாஞ்சலோ, அந்த ஓவியரின்ர பிறந்தநாளான மார்ச் 6இல டிஸ்க்கை அழிக்கிறது. 1992 மார்ச்சில உலகம் முழுக்கப் பத்திரிகைகள் பயந்து எழுதின அளவுக்கு அழிவு நடக்கேல்ல எண்டாலும், அன்ரிவைரஸ் எண்ட சாமானைக் கனபேர் வாங்கத் தொடங்கினது அந்தப் பயத்தில. அப்ப பிளொப்பியை எடுக்க மறந்து மெசினைப் போட்டால் போதும், தொற்றிடும். பிளொப்பி போனதோட இந்தக் கதையும் முடிஞ்சுது எண்டு பலர் நினைச்சவை. முடியேல்ல. 2010 அளவில டி.டி.எல். 4 எண்டது எம்.பி.ஆர்.இல குடியிருந்து, ஆக்கள் தேடுறதை வேற பக்கங்களுக்குத் திருப்பினது. 2016இல பெட்யா எம்.பி.ஆர்.ஐ அழிச்சுத் தன்ர நிரலை எழுதி, கோப்பு அட்டவணையைப் பூட்டிக் காசு கேட்டது.

இனி எங்கட கடைக்கு வாறன்.

2022 மார்ச். ஏ.எல். சோதினை முடிஞ்சு கொஞ்ச நாள். கரண்ட் நாளுக்கு நாள் கூடக் கூட வெட்டுப்பட்டு, மாதக் கடைசியில 13 மணித்தியாலம் வரைக்கும் போன நேரம். மெசின் இப்ப விண்டோஸ் வந்து அஞ்சு நிமிசத்தில நீலத்திரை காட்டி நிண்டிடும். ரிப்பெயார் அண்ணை பார்த்திட்டு, "முழு டிஸ்க்கையும் அடிச்சுத் துடைச்சுப் புதுசாப் பிரிக்கவேணும். டீ டிரைவும் போகும். விடுங்கோ அண்ணை, பழசுதானே" எண்டார். அப்பா யோசிச்சுக்கொண்டு நிண்டார்.

அண்டைக்குப் பின்னேரம் ஒரு அம்மா கடைக்கு வந்தா. எங்களுக்கு முதலே தெரிஞ்சவ. 2017 பெப்ரவரி 20இல கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினபோது, தன்ர மகனின்ர பாஸ்போட் சைஸ் படம் ஒண்டைக் கொண்டுவந்து, அப்பாவிட்ட ஸ்கான் பண்ணிப் பெருப்பிச்சு லமினேட் பண்ணினவ. அந்தச் சின்னப் படம் 2018 டிசம்பர் வெள்ளத்தில வீட்டோட நனைஞ்சு ஒட்டிப்போச்சுது. லமினேட் பண்ணினதைப் பிடிச்சுக்கொண்டு வெயிலுக்க இருந்து இருந்து முகம் வெளிறிப்போச்சுது. அதைக் கொண்டுவந்து மேசையில வச்சா.

"தம்பி, உங்கட மெசினுக்க இருக்குத்தானே? புதுசா ஒண்டு அடிச்சுத் தாங்கோ."

"இருக்கு அக்கா. கரண்ட் இல்லை. நாளையண்டைக்கு வாங்கோ" எண்டார் அப்பா.

அவ போனாப் பிறகு அப்பா என்னைப் பார்க்கேல்ல. மெசினைத்தான் பார்த்தார். அந்தப் படம் டீ டிரைவில இருந்தது. வேற எங்கயும் இல்லை. டொலர் ஏறி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்டு வாங்கிறதை நினைக்கேலாத காலம் அது. ஆனா உண்மையைச் சொன்னால் அதுக்கு முதல் நாலு வருசத்திலயும் நாங்கள் வேற ஒரு பிரதி எடுத்து வைக்கேல்ல.

அண்டைக்கு இரவு போனில இருந்த டேட்டா முடியும் வரைக்கும் வாசிச்சன். அப்பதான் 'பூட் செக்டர்' எண்ட சொல்லைத் திரும்பக் கண்டன். நான் அடையாளத்தை எடுத்துவிட்ட அதே சொல்லு.

மூண்டு விசயம் விளங்கிச்சுது. ஒண்டு, விண்டோஸுக்குள்ள இருந்து ஸ்கான் பண்ணினால் வைரஸ் பிரெயின் மாதிரி நல்ல பிரதியைக் காட்டி ஏமாத்தலாம். அதால வெளியில இருந்து மெசினை எழுப்பித்தான் பார்க்கவேணும். அதுக்கு அன்ரிவைரஸ் கொம்பனிகள் மீட்பு டிஸ்க் எண்டு இலவசமாக் குடுக்கினம். இரண்டு, விண்டோஸின்ர பூட்ரெக் கட்டளையால எம்.பி.ஆர். நிரலைத் திருப்பி எழுதலாம். ஆனா என்ன வைரஸ் எண்டு தெரியாமல் அதைச் செய்யக்கூடாது. மங்கி எண்ட பழைய வைரஸ் உண்மையான எம்.பி.ஆர்.ஐ மறைகுறியாக்கி வேற இடத்தில வச்சிருக்கும். நிரலை மட்டும் புதுசா எழுதினால் பகுதி அட்டவணையைக் காட்ட ஆளில்லாமல் டிஸ்க் முழுக்கக் காணாமல் போயிடும். மூண்டாவது, எதைச் செய்யமுதலும் பிரதி எடுக்கவேணும். மருந்து பிறகு.

அடுத்தநாள் என்ர பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்குப் போனன். அவளின்ர அண்ணாவிட்ட ஒரு மடிக்கணினியும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. தொற்றில்லாத அந்த மெசினிலதான் மீட்பு டிஸ்க்கை இறக்கி 8 ஜீபீ பென்ட்ரைவில எழுதினம். ஹார்ட் டிஸ்க்கையும் இரவல் வாங்கினன். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தால் எங்கட பகுதிக்கு இரவிலதான் கொஞ்சம் நீளமாக் கரண்ட் இருந்தது. அப்பாவும் நானும் சாப்பிட்டிட்டுத் திரும்பக் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கி வச்சிட்டு இருந்தம்.

பயோஸுக்குள்ள போனால் இன்னொரு அதிர்ச்சி. எழும்பிற வரிசையில முதலாவதா யூ.எஸ்.பி. இருந்தது. ஆரோ எப்பவோ பென்ட்ரைவால விண்டோஸ் போட்டிட்டு அப்பிடியே விட்டிருக்கினம். அதாவது, ஒரு பிள்ளை பென்ட்ரைவைக் குத்தினபடி இருக்க, கரண்ட் போய்த் திரும்ப வந்து மெசினை எழுப்பினால், மெசின் முதல்ல அந்தப் பென்ட்ரைவின்ர பூட் செக்டரைத்தான் தட்டிப் பார்க்கும். பிளொப்பிக் காலம் எங்கட கடையில இன்னும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கு. அண்டைக்கு மட்டும் அந்த வரிசை எங்களுக்கு உதவிச்சுது.

மீட்பு டிஸ்க் எழும்பிச்சுது. அதுக்குள்ள கோப்புகளைப் பார்க்கிற வசதி இருந்தது. டீ டிரைவைத் திறந்தன். திறந்துது. அப்பாவின்ர ஒழுங்கு உங்களுக்குத் தெரியாது, வருசத்துக்கு ஒரு அடைவு, அதுக்குள்ள மாதம், அதுக்குள்ள ஆக்களின்ர பேர். 2017, பெப்ரவரி. அந்த அம்மாவின்ர பேர். படம் இருந்தது. பெடியனுக்கு அப்ப என்ர இப்பத்தை வயசுதான் இருக்கும். அப்பா ஒண்டும் கதைக்காமல் கதிரையை இழுத்துப் பக்கத்தில இருந்தார்.

டீ டிரைவ் முழுக்கப் பிரதி எடுக்க முக்கால் மணித்தியாலம். முடிஞ்சாப் பிறகுதான் ஸ்கான். பட்டியலில மற்றதெல்லாத்தையும் எடுத்துவிட்டு 'பூட் செக்டர்' ஒண்டுக்கு மட்டும் சரி போட்டன். ஒரு நிமிசம்கூட ஆகேல்ல. சிவப்பா ஒரு வரி வந்தது. முதலாவது டிஸ்க், எம்.பி.ஆர்., தொற்று. பக்கத்தில 'குணப்படுத்து'. எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் அந்த 512 பைட்டும் அரைகுறையாப் போகும் எண்டு அட்டவணையை இன்னொருக்காப் பார்த்தன். பிறகு அமத்தினன். அது இரண்டு செக்கனில முடிஞ்சுது. ஒன்பது மாசச் சேட்டை, இரண்டு செக்கன்.

அதோட நிக்கேல்ல. அடுத்தநாள் விண்டோஸைச் சுத்தமா, கோஸ்ட் இல்லாமல், புதுசாப் போட்டம். தொற்றின மெசினில ரைப் பண்ணின கடவுச்சொல் எல்லாத்தையும் மாத்தினம். கிராக் இல்லை. படம் திருத்த இலவசமாக் கிடைக்கிற கிம்ப் பழகினன்.

உங்களுக்கு இப்ப தேவைப்படுறது இதுதான். உங்கட அன்ரிவைரஸில அமைப்புக்குப் போய், எதை ஸ்கான் பண்ணவேணும் எண்ட பட்டியலில பூட் செக்டருக்கும் நினைவகத்துக்கும் சரி இருக்கோ எண்டு பாருங்கோ. விரைவு ஸ்கான், முழு ஸ்கான், நேரம் குறிச்ச ஸ்கான் மூண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கும், மூண்டையும் பாருங்கோ. பென்ட்ரைவ் குத்தினதும் பார்க்கிற வசதி இருந்தால் போட்டு வையுங்கோ. பூட் செக்டரில ஏதும் கண்டால் தானா அழிக்காமல் உங்களைக் கேட்கச் சொல்லி வையுங்கோ. விண்டோஸ் 10, 11இல வாற டிஃபென்டர் மட்டும்தான் இருக்கு எண்டால், ஸ்கான் தெரிவுகளுக்குள்ள 'ஒஃப்லைன் ஸ்கான்' எண்டு ஒண்டு இருக்கும். அது மெசினை மறுபடி எழுப்பி விண்டோஸ் வரமுதலே பார்க்கும். கால் மணித்தியாலம் அளவில முடியும். திறந்து வச்ச வேலையைச் சேமிச்சிட்டு அமத்துங்கோ.

புது மடிக்கணினி எண்டால் பயோஸுக்குப் பதிலா யு.ஈ.எஃப்.ஐ. இருக்கும். அதில செக்கியூர் பூட் போட்டிருந்தால் கையொப்பம் இல்லாத நிரல் எழும்பேலாது. லினக்ஸ் போட எண்டு அதை நிப்பாட்டினவை திரும்பப் போட மறக்காதேங்கோ. அதுக்காக யு.ஈ.எஃப்.ஐ. எண்டால் பயமில்லை எண்டும் இல்லை. 2018இல லோஜாக்ஸ் எண்டு அந்தச் சிப்புக்குள்ளயே குடியேறின ஒண்டைக் கண்டுபிடிச்சவை. பழைய மெசின் எண்டால் எழும்பிற வரிசையில ஹார்ட் டிஸ்க்கை முதலாவதா வையுங்கோ. ஆராவது "ஃபோர்மட் அடிச்சாச் சரி" எண்டால், எந்தப் பகுதிக்கு எண்டு கேளுங்கோ.

விடுதியில இப்ப பிள்ளையள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னட்ட வருவினம். நான் முதல்ல கேட்கிறது என்ன பிழை எண்டு இல்லை. "இதுக்க மட்டும் இருக்கிற ஏதும் இருக்கோ?" எண்டுதான். பெரும்பாலும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்.

அந்த அம்மா சொன்ன நாளுக்கு வந்தா. அப்பா படத்தை அடிச்சு லமினேட் பண்ணி வச்சிருந்தார். அவ சேலைத் தலைப்பால ஒருக்காத் துடைச்சுப் பார்த்திட்டு, "வடிவா வந்திருக்கு" எண்டா. காசை அப்பா வாங்கேல்ல. அந்தப் படம் போயிருக்கவேண்டியது எண்டு அவவுக்கு இண்டைக்கும் தெரியாது. ரிப்பெயார் அண்ணையும் அப்பாவும் இண்டைக்கும் அது பென்ட்ரைவால வந்தது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். அந்த மட்டை இன்னும் கடையில தொங்குது.

அப்பா நான் எழுதிறதை எல்லாம் போனில பெருப்பிச்சு வாசிக்கிறவர். இதையும் வாசிப்பார்.

அப்பா, அது பிள்ளையளின்ர பென்ட்ரைவால வரேல்ல. அந்த மட்டையைக் கழட்டுங்கோ.